அல் அம்னா தொடுகை வரைபடம்: நடுவட்டம் வசப்பட்டது

சிரியாவின் நடுக்கள ஆட்டக்காரர் மஹ்மூத் அல் அம்னா, மிசோரத்தின் ஐஸ்வால் அணிக்காக 2016–17 ஐ-லீக் எனும் இந்தியக் கால்பந்துத் தொடரில் பந்தைத் தொட்ட இடங்களையெல்லாம் புள்ளியிட்டு வரைபடமாக்கும் வேலை நெடுநாள் முடங்கிக் கிடந்து, இந்த வாரம்தான் நகர்ந்தது.

திரையில் தெரியும் இடத்தை 105-க்கு 68 மீட்டர் மைதானத்தில் பொருத்த, எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாத நான்கு அடையாளங்கள் வேண்டும். முன்கள வீரர் என்றால் பெனால்டி பெட்டியின் மூலைகளே போதும். நடுக்கள வீரரோ நடுக்கோட்டையும் வட்டத்தையும் பக்கக் கோடுகளையும் தவிர வேறெதுவும் தென்படாத பகுதியில்தான் பெரும்பாலும் உலவுகிறார். நடுக்கோடு தரும் அடையாளங்கள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே நேர்கோட்டில் கிடப்பதால் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. கேமரா கோணத்தால் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து தெரியும் இரு பக்கக் கோடுகளையும் திரைக்கு வெளியே நீட்டி, அவை சந்திக்கும் இடத்திலிருந்து மையப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது வட்டத்தின் இட, வல எல்லைகளைத் துல்லியமாக வெட்டுகிறது. நடுக்கோடு வட்டத்தை வெட்டும் இரு புள்ளிகளையும் இவற்றோடு சேர்த்தால், 18.3 மீட்டர் மூலைவிட்டமுள்ள சதுரம் கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை.

கோல் தொகுப்புகள் இத்தகைய ஆட்டக்காரருக்கு நியாயம் செய்வதே இல்லை. முந்தைய பருவத்தில் கீழ்நிலைத் தொடருக்குத் தரமிறங்கி, கோவா அணிகள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்ட ஐஸ்வால், மோகன் பகானை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வென்றது. அந்த அணியில் வெளிநாட்டு வீரர்களில் ஆசியர் ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை நிரப்பியவர் இவர். கடைசி நாளில் ஐஸ்வால் ஷில்லாங்கில் 1–1 என டிரா செய்தபோது, நம் சென்னை சிட்டி மோகன் பகானிடம் 1–2 எனத் தோற்றுக்கொண்டிருந்தது.

முழு ஆட்டப் பதிவுகளுக்கு, கொல்கத்தாவில் உள்ள சேகரிப்பாளர் ஒருவரையே நம்பியிருக்கிறேன். வேறொருவர் விற்ற கோப்புகளில் பல விநாடிகள் விடுபட்டிருந்ததால் அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஆட்டத்தின் நடுவே முந்தைய காட்சியை மீண்டும் காட்டும் நேரங்களில் விட்டுப்போகும் தொடுகைகளை எப்படிக் கணக்கிடுவது என்பது இன்னும் தீரவில்லை. அவற்றைத் தனி நிறத்தில் குறித்துவருகிறேன்.

2016–17 பருவத்தின் வரைபடமே பாதிதான் முடிந்திருக்கிறது என்றாலும், ஐஸ்வாலின் அப்போதைய பயிற்சியாளர் காலித் ஜமீலுடன் அல் அம்னா ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்ற 2017–18 பருவத்துக்கான அட்டவணையை இப்போதே திறந்துவிட்டேன். அணி மாறியும் பயிற்சியாளர் மாறாத நிலையில், பந்தை வாங்க அவர் எவ்வளவு பின்னால் இறங்கினார் என்பதை ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.