அதே இரண்டு மரங்கள், வேறொரு தார்ப்பாய்

தூரத்திலிருந்தே அந்த இரண்டு பைன் மரங்களையும் அடையாளம் கண்டுகொண்டேன். ஒன்று இடுப்பு உயரத்தில் லேசாக வளைந்து மேலே போகும், மற்றது பருத்து நேராக நிற்கும். இரண்டுக்கும் நடுவே நாலரை மீட்டர் இடைவெளி. போன குளிர்காலத்தில் இதே இடத்தில்தான் ஹாமக் (மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை) கட்டிப் படுத்து, விடியும்வரை நடுங்கினேன். இந்த முறை முதுகுப்பையில் நானே வெட்டித் தைத்த தார்ப்பாய் இருந்தது. அதை இங்கே கட்டிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

போன வருஷம் கொண்டுவந்தது கடையில் வாங்கிய சதுரத் தார்ப்பாய். மூலைக்கு மூலை கயிறு கட்டி, வைர வடிவில் ஹாமக்குக்கு மேலே விரிக்கும் வகை. கோடை மழைக்கு அது நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வடிவத்தில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் துணி கூராகக் குறுகிவிடும். படுக்கும்போது காற்று சரிவின் கீழிருந்து, பக்கவாட்டில் வந்தது. அதைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டினேன். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் காற்று திரும்பி, கால்மாட்டிலிருந்து நேராக உள்ளே நுழைந்தது. மாவு போன்ற பொடிப்பனி தூக்கப்பை மேல் படிந்தது. ஹாமக்கின் அடியில் தொங்கும் மெத்தைக்குள்ளும் புகுந்தது.

ஹாமக்கில் படுக்காதவர்களுக்கு இந்த அடிமெத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரையில் படுத்தால் கீழிருந்து காற்று அடிக்காது. ஹாமக்கில் முதுகுக்குக் கீழேயும் காற்று ஓடும். தூக்கப்பையின் அடிப்பக்கம் உடல் பாரத்தில் நசுங்கிவிடுவதால் அது சூட்டைக் காக்காது. அதனால்தான் வெளிப்பக்கம், நசுங்காமல், தனியாக ஒரு மெத்தையைத் தொங்கவிடுகிறோம். அதற்குள் இருப்பது வாத்தின் மென்தூவி. ஈரம் பட்டால் உப்பல் குறைந்து தட்டையாகிவிடும், உப்பல் போனால் சூடும் போய்விடும். எழுந்து தார்ப்பாயை இறக்கிக் கட்டலாம் என்று பார்த்தால் முடிச்சுகள் உறைந்து கல்லாகிக் கிடந்தன. சாயங்காலம் பெய்த ஈரப்பனியில் நைலான் துணியும் தொய்ந்துபோயிருந்தது. மீதி ராத்திரியை மரத்தடியில் உட்கார்ந்தே கழித்தேன்.

காற்று ஒரே பக்கமிருந்துதான் வரும் என்று நினைத்துக் கட்டியது அது. குளிர்காலத் தார்ப்பாய் எந்தப் பக்கத்தையும் நம்பக் கூடாது. இரண்டு முனையிலும் கதவு வேண்டும் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஹாமக்கை அளந்தேன். துணியின் நீளம் 335 செ.மீ. ஹாமக்கின் இரு முனைகளையும் இணைக்கும் கயிறு, துணி நீளத்தில் சுமார் 83 சதவீதம் இருந்தால் படுக்கை நல்ல தொய்வில் அமையும் என்பது ஹாமக்காரர்களின் வழக்கக் கணக்கு. என்னுடையதில் அது 278 செ.மீ. தார்ப்பாயின் முகடு இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டிருக்கட்டும் என்று 350 செ.மீ. வைத்தேன். துணி 150 செ.மீ. அகலத்தில் கிடைத்தது. இரண்டு துண்டுகளை முகட்டில் சேர்த்துத் தைத்தால், மடிப்புகள் போக ஒவ்வொரு பக்கமும் 145 செ.மீ. சரியும். கதவுகள் நான்கு முக்கோணங்கள். உச்சியில் கூர், அடியில் 95 செ.மீ. மூடும்போது ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கோடு போல ஒரு சந்து விழும், பொடிப்பனிக்கு அதுவே போதும்.

துணியில் இந்த முறை நைலான் வேண்டாம் என்று பாலியஸ்டரை எடுத்தேன், சிலிக்கான் பூசிய ரிப்ஸ்டாப், அதாவது கிழிசல் பரவாமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் துணி. நைலான் கிழியாமல் தாங்குவதில் கெட்டிதான், ஆனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு நீளும். பாலியஸ்டர் அந்த அளவுக்கு நீளாது. கையுறை போட்ட விரலால் நடுராத்திரியில் கயிறு முறுக்கியவர்களுக்கு அந்த ஒரு குணம் போதும்.

முகட்டையும் அடி ஓரங்களையும் நேர்கோட்டில் வெட்டக் கூடாது. நேராக வெட்டிய ஓரத்தை இரண்டு முனையில் பிடித்து இழுத்தால், இழுவை முழுக்க அந்தக் கோட்டிலேயே போய்விடும். உள்ளே இருக்கும் துணி தளர்ந்து கிடந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஓரத்தை உள்வாங்கி வெட்டினால் அதே இழுவை துணி முழுக்கப் பரவி முரசுத்தோல் மாதிரி விறைக்கும். எந்த வளைவு? இரண்டு ஆணியில் தொங்கும் சங்கிலி தானாகவே எடுத்துக்கொள்ளும் வளைவு. கேட்டனரி என்பார்கள். அதன் கணக்கை 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் தனித்தனியே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். எனக்குக் கணக்கு தேவைப்படவில்லை, சங்கிலியே போதுமானதாக இருந்தது.

கூடத்துச் சுவரில் பழைய செய்தித்தாள்களை நீளமாக ஒட்டினேன். 350 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி. மெல்லிய சங்கிலி ஒன்றை மாட்டி, நடுவில் 11 செ.மீ. தொய்வு வரும்வரை ஒரு முனையைக் கண்ணி கண்ணியாக இழுத்தேன். தொட்டால் ஆடியது, மூச்சு பட்டாலும் ஆடியது. அது அடங்கும்வரை காத்திருந்து, பத்து செ.மீ.க்கு ஒன்றாக, கண்ணியின் ஓட்டைக்குள் பென்சில் நுனியை விட்டுப் புள்ளி வைத்தேன். சங்கிலியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது சுவரில் முப்பத்தைந்து சொச்சம் புள்ளிகள், எங்கேயும் நொடிக்காத ஒரு வளைவு. இவ்வளவு ஆழம் குறைந்த வளைவில் கேட்டனரிக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இருந்தாலும் சங்கிலி போட்ட கோடு என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். தாளை வெட்டி அட்டையில் ஒட்டினேன், அதுதான் அச்சு.

வெட்டும்போது ஒரு தப்பு நடந்தது. சிலிக்கான் துணி தரையில் நிற்காது, தண்ணீர் மாதிரி வழுக்கும். ஒரு பக்கத்தின் நடுவில் 2 செ.மீ. கூடுதலாக உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் முகடு முறுக்கிக்கொள்ளும். அதனால் சரியாக இருந்த மற்றதையும் அதே அளவுக்கு வெட்டினேன். ஆகவே என் முகட்டின் தொய்வு 13 செ.மீ. அப்புறம் வெட்டியதையெல்லாம் துணிமேல் புத்தகங்களை அடுக்கிவைத்துத்தான் வெட்டினேன்.

தையல் அம்மாவின் மிஷினில். முதல் அரை மீட்டரிலேயே தையல் விட்டு விட்டு விழுந்தது. டென்ஷனைத் திருகினேன், பாபினை மாற்றிச் சுற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அம்மா வந்து பார்த்தாள்.

"ஊசியை மாத்துடி. மிஷினைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

அதுவரை போட்டிருந்தது தடித்த துணிக்கான ஊசி, நுனியும் மழுங்கியிருந்தது. 75ஆம் நம்பர் புது ஊசி போட்டதும் தையல் முத்து முத்தாக விழுந்தது. நூல் முழுப் பாலியஸ்டர். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும், நாளாக ஆக மட்கிவிடும். தையல் நீளம் 3 மி.மீ. அதைவிட நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி துணியில் ஓட்டை வரிசை விழுந்து, அந்த வரிசையிலேயே கிழியும்.

துணி மிஷின் பல்லிலும் வழுக்கியது. கீழ்த் துணி முன்னே போக, மேல் துணி பின்தங்கியது. நான் பின்பக்கமிருந்து இழுத்தேன். அம்மா என் இரண்டு கைகளையும் எடுத்து வைத்தாள், ஒன்று ஊசிக்கு முன்னால், இன்னொன்று பின்னால். "இழுக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிச்சுக்கோ. அது போற வேகத்துக்கு நீ போ." அந்தப் பிடி கைக்குப் பழக ஒரு மதியம் ஆனது. குண்டூசியும் குத்தவில்லை, குத்திய இடமெல்லாம் ஒழுகும். துணி உலர்த்தும் கிளிப்புகளால் கவ்விக்கொண்டேன்.

முகட்டுத் தையல் ஜீன்ஸ் காலில் இருக்குமே, அந்த மாதிரி. ஒரு துணியின் ஓரம் மற்றதன் மடிப்புக்குள் ஒளிந்து, மேலே இரண்டு வரித் தையல். பிசிறும் வெளியே தெரியாது, பாரமும் இரண்டு வரியில் பிரியும். கயிறு கட்டும் இடங்களில் வேலை இன்னும் அதிகம். ஒவ்வொன்றிலும் அரைவட்டமாக ஒரு கனத்த துணியை வைத்துத் தைத்து, அதன் மேல் நாடாவை மடித்து டி வளையம் கோத்தேன். கனத்த துணி நேர்கோட்டில் சட்டென்று முடிந்தால் கிழிசல் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். அதனால்தான் அரைவட்டம். சரிவின் நடுவிலும் பக்கத்துக்கு ஒரு வளையம் வைத்தேன். பனி கனத்து துணி உள்ளே குழியாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க அது வேண்டும்.

கடைசியில் தையல் ஓட்டைகளை அடைக்க, சிலிக்கான் பசையைப் பெயிண்ட் தின்னரில் கரைத்து மெல்லிய தூரிகையால் பூசினேன், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு. சிலிக்கான் பூச்சின் மேல் சிலிக்கான் மட்டும்தான் ஒட்டும், வேறு பசை எதுவும் உரிந்து வந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தது. கயிறு இல்லாமல் எடை 640 கிராம்.

சரி, மரத்தடிக்கு வருகிறேன். முதலில் அண்ணாந்து பார்த்தேன், பட்ட கிளை எதுவும் மேலே இல்லை. முகட்டுக் கயிற்றை இரண்டு மரத்துக்கும் கட்டி, புருசிக் முடிச்சில் (கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) தார்ப்பாயை மாட்டி நடுவுக்குத் தள்ளினேன். போன முறையைவிடத் தாழ்வாக, ஹாமக்கின் கயிற்றுக்கு ஒரு சாண் மேலே. முளை அடிப்பதில் அர்த்தமில்லை, பொடிப்பனியில் விரலால் இழுத்தாலே வந்துவிடும். முன்கை நீளக் குச்சிகளில் கயிற்றைச் சுற்றி, கயிற்றுக்குக் குறுக்காகக் குழியில் படுக்கவைத்து, பனியை மேலே தள்ளி மிதித்தேன். மிதித்த பனி கொஞ்ச நேரத்தில் தானாக இறுகும். அதற்குள் வெந்நீர் வைத்துக் குடித்தேன். திரும்பி வந்து இழுத்தபோது குச்சிகள் அசையவில்லை, துணியைச் சுண்டினால் டப்பென்று சத்தம் வந்தது.

இருட்டிய பிறகு பனி தொடங்கியது. நான்கு கதவுகளையும் மூடினேன். உள்ளே நுனிக்கு நுனி துணி, காற்று வெளியே மரங்களில் இரைகிறது, ஹாமக் ஆடவில்லை. அவ்வப்போது சரிவில் சேர்ந்த பனி சர்ரென்று வழுக்கிக் கீழே பொத்தென்று விழும். முதல் தடவை திடுக்கிட்டேன், பிறகு அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தேன். நடுராத்திரிக்கு மேல் காற்று திரும்பியது. கால்மாட்டுக் கதவு ஒரு தடவை உள்வாங்கி மறுபடி விறைத்தது. கையை நீட்டி அடிமெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்து, உப்பலாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் தலையில் ஏதோ குளிர்ச்சியாக உதிர்ந்தது. விளக்கடித்துப் பார்த்தால் தார்ப்பாயின் உட்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைபனி. ராத்திரி நான் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் துணியில் படிந்து உறைந்திருக்கிறது. கதவுகளை அவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கக் கூடாது. காற்று படாத பக்கத்துக் கதவை உச்சியில் ஒரு சாணாவது திறந்து வைக்க வேண்டும், ஆனால் என் கதவில் அப்படிப் பாதி திறந்து பிடித்துக் கட்ட இடமே இல்லை.

வெளியே வந்தேன். குச்சி புதைத்த இடமெல்லாம் கெட்டித்துப்போயிருந்தது, ஒவ்வொன்றையும் பூட்ஸ் குதிகாலால் உடைத்துத்தான் எடுத்தேன். உறைபனியைத் தட்டி உதறினேன். கதவை எவ்வளவு மடித்தால் மூச்சு போகும், எவ்வளவு மடித்தால் பனி வராது என்று கையால் மடித்து மடித்துப் பார்த்தேன். உச்சியிலிருந்து 30 செ.மீ. கீழே சரியாக வந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து பென்சிலை எடுத்து, வளையம் தைக்க வேண்டிய அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். மற்ற மூன்று கதவுகளிலும் அதே உயரத்தில் ஒவ்வொரு புள்ளி. பிறகு தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.