கிராஞ்சிப் பக்கம் நடைபாதை போடச் சொல்லிக் கேட்கப் போகிறவர்கள் கையில் அளவு டேப் இருக்கட்டும்

சிங்கப்பூரில் நாட்டுப்புறம் என்று சொல்ல மிச்சமிருப்பது கிராஞ்சி, லிம் சூ காங், சுங்கை தெங்கா பக்கம். கடல் தாண்டினால் உபின் தீவு. இங்கெல்லாம் நடைபாதையோ பூங்கா இணைப்புப் பாதையோ திட்டமிடும்போது பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். மேசை நடுவே பெரிய வரைபடம், பக்கத்தில் ஒட்டுத்தாள், பேனா. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் பயன்பட வேண்டுமானால், அதற்கு முந்தைய மூன்று வாரம் வெயிலில் நடந்திருக்க வேண்டும்.

"நிழல் வேண்டும்", "பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதிய தாள்கள் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் போய்ச் சேரும். "நிழல் குறித்துப் பலரும் கருத்துரைத்தனர்" என்று அறிக்கையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். விளக்குக் கம்பத்து எண்ணைப் போட்டு, "இந்தக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே சாலைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட புல்தரை 70 செ.மீ.தான், லாரி வந்தால் ஒதுங்க இடமில்லை" என்று எழுதிய தாளைத்தான் அதிகாரி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவார். இங்கே ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் எண் ஒட்டியிருக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு ஐந்திலக்க எண் உண்டு. கட்டடமே இல்லாத சாலையில் இடத்தைச் சொல்ல இவற்றை விட்டால் வேறு வழியில்லை. "அந்தப் பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது.

ஒரே பாதையை மூன்று வேளையில் நடந்து பார்க்க வேண்டும். முதலாவது, வேலை நாளில் காலை ஆறு மணி. இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடியும் என்பதால், ஆறு மணிக்கு நடப்பவர்கள் இருட்டில்தான் நடக்கிறார்கள். இரண்டாவது, ஞாயிறு மாலை. மூன்றாவது, நல்ல மழை விட்ட அரை மணி நேரத்துக்குள். நவம்பர் முதல் ஜனவரிக்குள் போனால் இதற்குக் காத்திருக்கவே வேண்டாம். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் ஆட்கள் புல்லை விட்டுத் தார்ச்சாலையில் இறங்குகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு வேளையும் ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணுங்கள்: நடப்பவர், சைக்கிளில் போகிறவர், சாலைக்குள் இறங்கி நடப்பவர். மூன்றாவது எண்ணிக்கைதான் கூட்டத்தில் எடுபடும்.

ஐந்து மீட்டர் இரும்பு டேப் போதும். புல்தரையின் அகலம், கால்வாயின் அகலமும் ஆழமும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இடம், பண்ணை வாசலில் லாரி திரும்பும் அகலம், இந்த நான்கையும் அளந்து வையுங்கள். ஏற்றம் இருந்தால் அதன் உயரம் முக்கியம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 60 செ.மீ. மேடு என்றால் 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், மேலும் கீழும் சமதளம் தனி. "ஒரு ராம்ப் போட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்கு முன் அந்த நீளத்துக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்மேசையிலிருந்து முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

பாதிப் பேர் கோட்டைவிடுவது நிலம் யாருடையது என்பதில். 800 மீட்டர் பாதை நான்கு கைகளுக்குள் போய் வரலாம். சாலையோரம் நிலப் போக்குவரத்து ஆணையம், கால்வாயும் அதன் ஓரமும் பொதுப் பயனீட்டுக் கழகம், பூங்கா இணைப்பு தேசியப் பூங்காக் கழகம், வேலி போட்ட காலி இடம் பெரும்பாலும் நில ஆணையம். பண்ணை என்றால் குத்தகைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேல் ஓர் ஆணையமும் இருக்கிறது. அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பில் நிலத் துண்டைத் தட்டிப் பார்க்கலாம். எந்த நிலம் எதற்கு என்று நிறம் பிரித்துக் காட்டும் பெருந்திட்டத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடம் காட்டும். பூங்கா இணைப்புகளில் பல கால்வாய் ஓரமாகவே ஓடுவதற்குக் காரணமும் இதுதான்: அந்த நிலம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது, நீளமாகவும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் பாதையைக் கால்வாய் ஓரமாக வரைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

லிம் சூ காங் சாலைக்கு மேற்கே கோடு இழுக்காதீர்கள். ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி நிலம் அந்தப் பக்கம் இருக்கிறது. சிவப்புப் பலகையைப் பார்த்த பிறகும் அங்கே பாதை கேட்டு அரை மணி நேரத்தைத் தொலைத்த மேசைகள் உண்டு.

எந்த வகைப் பாதை என்பதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நடைபாதை என்றால் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 10 கி.மீ. பூங்கா இணைப்பு, சைக்கிள் பாதை என்றால் 25 கி.மீ. வயதானவர்கள் நடக்கும் இடத்தில் "அகலமான பாதை" என்று மட்டும் எழுதிவிட்டு, பிறகு பந்தய சைக்கிள் பறக்கிறதே என்று புலம்பிப் பயனில்லை.

இனி யாரும் கேட்காமல் விடுகிறவர்களைப் பற்றி. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பறவை பார்ப்போர், சைக்கிள் குழுவினர், பண்ணைக்காரர்கள், சில ஓய்வுபெற்றவர்கள். ஆனால் அந்தச் சாலைகளில் தினமும் நடப்பவர்கள் பண்ணையிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்து, விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு ஆட்களும் வங்காளதேசத்தவரும். அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது, கூட்டம் சனிக்கிழமை காலை நடக்கிறது. பலருக்கு அன்று வேலை. ஆக, ஞாயிறு மாலை மினிமார்ட் வாசலிலோ சுங்கை காடுட் சிவன் கோயில் பக்கமோ நீங்கள்தான் போக வேண்டும். விடுதிக்குள் போகப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும், வெளியிலேயே பேசுவது எளிது.

"என்ன வசதி வேணும்?" என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் வரும். முதலாளி காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். "தம்பி, கடைக்குப் போக எங்க தாண்டுவீங்க?" என்று கேளுங்கள். "அந்தப் பலகை மேலதாண்ணே" என்று கையைக் காட்டுவார். போய்ப் பார்த்தால் கால்வாய்க்குக் குறுக்கே கட்டுமானப் பலகை ஒன்று கிடக்கும். இரு பக்கமும் ஒற்றையடித் தடம், புல்லே முளைக்காத அளவுக்குத் தேய்ந்திருக்கும். அந்தத் தடம்தான் உங்கள் சான்று. படம் எடுங்கள், முகம் வேண்டாம். பெயர், வேலை அனுமதி எண் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள். எழுதவில்லை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பண்ணைக்காரர்களை எதிராளியாக நினைத்தால் கூட்டம் அங்கேயே முறிந்துவிடும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளியாள் காலணியோடு வரும் நோய், வாசலை அடைத்து நிற்கும் கார்கள், வேலியோரம் போடும் குப்பை. அதற்கு மேல், 20 ஆண்டுக் குத்தகையில் முதல் போட்டவருக்கு வேலியை இரண்டு மீட்டர் உள்ளே தள்ளுவது சின்ன விஷயமல்ல. பாதையைப் பண்ணையின் பின்பக்கம் விடாமல் முன்பக்கச் சாலையோரமே வைத்து, லாரி திரும்பும் வாசலில் மட்டும் தரையின் நிறத்தை மாற்றக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இயற்கை ஆர்வலர்களோடு மோதல் வருவது விளக்கில். அதிகாலையில் நடப்பவருக்கு வெளிச்சம் வேண்டும், சதுப்பு நிலத்துக்கு இருட்டு வேண்டும். கிராஞ்சி சதுப்பு நிலத்தின் உட்பகுதிக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும் என்பதை நினைவில் வையுங்கள்; அந்தப் பக்கம் எல்லாவற்றையும் திறந்துவிடக் கேட்பது எடுபடாது. சாலையோரப் பகுதிக்கு மட்டும் தாழ்வான, கீழ்நோக்கிய விளக்கு, நீரோரப் பகுதிக்கு விளக்கே இல்லை என்று நீங்களே பிரித்துக் கொடுத்துவிட்டால் இரு தரப்பும் தலையாட்டும்.

எழுத்துவடிவக் கருத்து ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். ஐந்து இடங்கள் போதும், முக்கியத்துவ வரிசையில். ஒவ்வொன்றுக்கும் இடம், வேளை, எண்ணிக்கை, அளவு, படம். கூடவே "முழுப் பாதை கிடைக்காவிட்டால் இதுவாவது" என்று ஒரு மாற்று. 800 மீட்டர் பாதைக்குப் பணம் இல்லை என்பார்கள். ஆனால் கால்வாய் மேல் கைப்பிடியோடு ஒரு சிறு பாலம் வந்துவிடும். உடைந்த மூடி, அணைந்த விளக்கு போன்றவற்றை இதில் சேர்க்காமல் இத்தகைய புகார்களுக்கான ஒன்சர்விஸ் செயலியில் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பிறகு வரும் தொகுப்பறிக்கையில் "கருத்தில் கொள்ளப்பட்டது" என்று இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். "ஆராயப்படும்" என்றால் இன்னும் கதவு திறந்திருக்கிறது. ஒருமுறை ஐந்து இடங்களையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பியதால், அது நான்கு அலுவலகங்கள் சுற்றி, எதற்கும் பதில் இல்லாமல் நின்றது. இடத்துக்கு ஒரு மின்னஞ்சல், அந்த நிலத்துக்குரிய அமைப்புக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பிய பிறகுதான் ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. அதற்கும் அசையாவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு அதே ஒரு பக்கத்தை எடுத்துப் போகலாம்.

வேலை தொடங்கியதும் ஒருமுறை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பழைய ஒற்றையடித் தடத்தைத் தகரம் வைத்து மறைத்திருப்பார்கள், மாற்றுவழி சாலைக்குள் இறங்கும். தகரத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் தொடர்பு எண் இருக்கும், அதைக் கூப்பிடுங்கள்.