துடுப்பு நம் கையில் இருக்க வேண்டும்

காட்டாற்றில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போகும் ராஃப்டிங் போய்வந்தேன். முதலில் எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போன ஜீப் ஓட்டுநரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனம் ஆறாது. ஏறும்போது ஒரு கட்டணம். பாதி வழியில், இறங்கி நடக்கவும் முடியாத காட்டுக்குள் வண்டியை நிறுத்தி, "மலைப்பாதைக்குத் தனிக்கணக்கு" என்று இன்னொரு கட்டணம். சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் கைவைத்துத்தான் கொடுத்தேன்.

படகு ஆற்றில் இறங்கியதும் அந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை!

காட்டாற்று நீரோட்டத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 6 என்றால் கைதேர்ந்தவர்களுக்கே உயிர் பயம். எங்களுக்கு 3. தாராளமாகப் போதும். துடுப்பின் மேல்பிடியை உள்ளங்கை மூடியே இருக்க வேண்டும், விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும் என்றார் வழிகாட்டி. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, நீர் ஓடும் திசையில் கால்களை நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் வெள்ளம் ஆளை அமுக்கிவிடும்.

முதல் அலை முகத்தில் அறைந்தபோது வழிகாட்டியின் குரலையும் என் துடுப்பையும் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. கடன் தவணை இல்லை, அலுவலகம் இல்லை. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் பாறை ஏறுபவர்களிடமும் சதுரங்க ஆட்டக்காரர்களிடமும் பேசிக் கண்டது இந்த நிலையைத்தான்: சவாலும் திறமையும் சமமாக இருக்கும்போது மனிதன் தன்னை மறக்கிறான். கரையேறியபோது கை நடுங்கியது, சிரிப்பு நிற்கவில்லை. காலையில் முகம் பார்க்காதவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

முந்தைய நாள் ஜிப்லைனுக்கு, அதாவது கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவதற்கு, கொடுத்த பணம் வீண். மூட்டையைப் போல் கட்டித் தொங்கவிட்டார்கள், அலறினேன், மறுமுனையில் அவிழ்த்துவிட்டார்கள். பயத்தில் சுரக்கும் ஹார்மோனான அட்ரினலின் சுரந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நான் எதையுமே செய்யவில்லையே!

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020இல் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்று நியூயார்க், மயாமி நகரவாசிகளின் நடமாட்டத்தை ஜி.பி.எஸ். வழியாகக் கவனித்தது. வெவ்வேறு புதிய இடங்களுக்குப் போன நாட்களில் அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஆறும் அருவியும் வேண்டியதில்லை. தெரியாத தெருவில் நடந்தாலே மனத்துக்கு ஏதோ கிடைக்கிறது. நான் என்னவோ ஆற்றுக்குத்தான் மறுபடியும் போவேன்.

செலவைப் பற்றி இப்போதைக்கு இது மட்டும்: ஜீப் கட்டணத்தை, திரும்பும் வழியையும் சேர்த்து, ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். கரையில் விற்கும் புகைப்படத் தொகுப்பை வாங்காதீர்கள். எல்லாப் படத்திலும் ஒரே தலைக்கவசம், ஒரே பிளந்த வாய், அதுவும் என்னுடையதா பக்கத்தில் இருந்தவருடையதா என்றே தெரியவில்லை.