மார்ஃபினுக்கு முன்

அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு 'ஃபின்னகன் எவ்வளவு?' என்ற கேள்வி பழக்கமானது. தாய் ஹெராயின், ஃபென்டானில், மெத்தடோன், புப்ரனார்ஃபின் போன்ற ஓபியாய்டு (அபினி வகை மருந்து) எதையாவது எடுத்திருந்தால் கருவிலிருக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேர்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் வரத்து நின்றுவிடும். ஹெராயின் என்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள், மெத்தடோன் என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து, நடுக்கமும் வீறிடலும் பேதியும் தொடங்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது இதனால்தான். புப்ரனார்ஃபினுக்கு 4 முதல் 7 நாள், மெத்தடோனுக்கு 5 முதல் 7 நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த அறிகுறிகளை அளக்க லொரெட்டா ஃபின்னகன் 1975இல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். இப்போது புழக்கத்தில் உள்ள தாளில் 21 அறிகுறிகள். மூன்று முறை தொடர்ந்து 8 வந்தாலோ, இரண்டு முறை தொடர்ந்து 12 வந்தாலோ, தானும் ஓபியாய்டான மார்ஃபினைக் கொடுத்து அறிகுறிகளை அடக்குவது என்பது பல இடங்களில் நெடுங்காலம் இருந்த விதி. சிக்கல் தாளில் இல்லை, அதை நிரப்புகிற வேளையில் இருக்கிறது. மூன்று மணி நேரம் ஆயிற்றென்று தூங்குகிற குழந்தையின் துணியை விலக்கி, டயப்பரைக் கழற்றி, பால் கொடுக்குமுன் பாருங்கள்: வீறிட்ட அழுகைக்கு 2, தொட்டதும் வருகிற நடுக்கத்துக்கு 2, திடுக்கிடலுக்கு 2, விறைத்த கைகாலுக்கு 2, தும்மலுக்கு 1. மொத்தம் 9. பசியில் எழுப்பினால் எந்த மருந்தும் படாத குழந்தைகூட இதில் சிலவற்றை வாங்கிவிடும். பால் குடித்து, கையில் அமர்ந்த பிறகு அதே குழந்தைக்கு 4 வரலாம். தும்மலும் கொட்டாவியும் அந்த ஒரு நிமிடத்துக்கானவை அல்ல, இடைவெளி முழுதும் எத்தனை என்று கேட்பவை. அதை விட்டுவிட்டுக் கண்முன் வந்த ஒரு தும்மலுக்கு மதிப்பெண் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

யேல் நியூ ஹேவன் குழந்தைகள் மருத்துவமனையில் மேத்யூ கிராஸ்மன் குழுவினர் கேள்வியையே மாற்றினார்கள். குழந்தை குடிக்கிறதா? தூங்குகிறதா? தேற்றினால் தேறுகிறதா? ஒரு வேளைக்கு 30 மில்லி அல்லது நல்ல தாய்ப்பால், ஒரு மணி நேரம் இடையறாத தூக்கம், பத்து நிமிடத்துக்குள் அழுகை அடங்குதல், இவ்வளவுதான். 2017இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் சராசரித் தங்கல் 22.4 நாளிலிருந்து 5.9 நாளாக இறங்கியது. மார்ஃபின் வாங்கிய குழந்தைகள் 98 சதவீதத்திலிருந்து 14 ஆனார்கள். 2023இல் 26 மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலும் வீட்டுக்குப் போகத் தயாராக 14.9 நாளுக்குப் பதில் 8.2 நாள்தான் ஆயிற்று.

புதிய முறையையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பலாம். முதல் நாளில் சீம்பால் குடிக்கிற குழந்தையிடம் 30 மில்லி எதிர்பார்ப்பது மடமை. குதிகாலில் ஊசி குத்த ஆள் வந்ததால் கலைந்த தூக்கத்தை 'இல்லை' என்று குறிக்கக் கூடாது. ஒரு 'இல்லை' வந்ததும் ஓட வேண்டியது மருந்து அலமாரிக்கு அல்ல. தாயும் நர்ஸும் மருத்துவரும் தொட்டில் அருகே நின்று, இன்னும் எதைச் செய்யவில்லை என்று பார்க்க வேண்டும். எல்லாம் செய்தும் அடங்கவில்லையென்றால் மார்ஃபின் தயங்காமல் கொடுக்கலாம். கிலோவுக்கு 0.03 முதல் 0.05 மில்லிகிராம், வாய்வழி. பிரசவ அறையில் மூச்சு மந்தமாக இருக்கிறதென்று ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்துவிடாதீர்கள். தாய் ஓபியாய்டில் இருந்திருந்தால் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

எல்லாம் என்பதில் கைப்பக்குவம் நிறைய உண்டு. ஒரு நேரத்தில் ஒரு தூண்டல்தான். ஆட்டிக்கொண்டே பேசி, கண்ணையும் பார்த்தால் குழந்தை முகத்தைத் திருப்பும், விக்கும், தும்மும். போதும் என்று அது சொல்கிற விதம் அது. கைகளை நெஞ்சுக்கு நடுவே சேர்த்து, முதுகு வளைந்து, முழங்கால் வயிற்றை நோக்கி மடியும்படி பிடித்து, மேலும் கீழுமாக மெல்ல அசைத்தால் பலதும் அடங்கும். தூளியைப் போல வீசி ஆட்டுவது இவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பாலை வெறியோடு சப்பும், ஆனால் சப்புவதும் விழுங்குவதும் மூச்சும் ஒன்றாய்ச் சேராது. மெதுவாகச் சொட்டும் நிப்பிள், பக்கவாட்டில் படுத்த நிலை, நாலைந்து சப்பலுக்கு ஒரு நிறுத்தம். எடை இறங்கினால் அவுன்ஸுக்கு 22 அல்லது 24 கலோரி உள்ள பால். பேதி வரும் என்று தெரிந்த பிறகு தோல் வெந்து சிவக்கக் காத்திருப்பானேன்? முதல் டயப்பரிலிருந்தே ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தடிமனாகப் போடுங்கள். மாற்றும்போது மலத்தை மட்டும் ஒற்றியெடுங்கள். களிம்பைத் தேய்த்து எடுத்தால் தோலும் கூடவே வரும்.

இத்தனையையும் இருபத்து நாலு மணி நேரமும் செய்ய எந்தப் பிரிவிலும் ஆள் கிடையாது. செய்யக்கூடியவள் தாய்தான், அவளைத்தான் நாம் விரட்டுகிறோம். ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் எடுக்கும் தாய் விடிகாலையில் கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்று அன்றைய மருந்தை விழுங்கிவிட்டு வர வேண்டியிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை 'தாய் அறையில் இல்லை' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால், நாளை அதைப் படிக்கிற சமூகப் பணியாளருக்கு அவள் பொறுப்பற்றவள். 'மருந்துக்காகச் சென்றார், 8 மணிக்குத் திரும்பினார்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவள் குழந்தையை மார்பில் வைத்தபடி கண்ணயர்ந்தால் அது மெய்யான ஆபத்து. 'என்னிடம் கொடும்மா, ஒரு மணி நேரம் தூங்கு' என்று வாங்கிக்கொண்டால் போதும், விசாரணை வேண்டாம். சிகிச்சையில் நிலையாக இருப்பவள் தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்; மருந்து பாலில் சேர்வது சொற்பம். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் தடையில்லை. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் ஆறும்வரை நிறுத்தினால் சரி.

பரிசோதனைத் தாளை நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடுவதும் உண்டு. வழக்கமான ஓபியேட் பரிசோதனையில் ஃபென்டானில் தெரியாது. தனியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு வந்தாலும், அது பிரசவ வலிக்கு நாமே முதுகில் செலுத்திய எபிடியூரலின் ஃபென்டானிலாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லபெட்டலால் ஆம்ஃபெட்டமைன் என்று பொய்யாகக் காட்டும். உறுதிப்படுத்தும் சோதனை வருமுன் குழந்தைகள் நலத்துறைக்குத் தகவல் சொல்லாதீர்கள். டென்னசி மாநிலம் 2014இல் இத்தகைய தாய்மாரைக் குற்றவாளியாக்கும் சட்டம் போட்டது. பயந்த பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனைக்கே வராமல் ஒதுங்கினார்கள். 2016இல் அது காலாவதியானது.

கூட்டரசுச் சட்டம் கேட்பது வேறு: குழந்தைக்கும் பராமரிப்பவருக்கும் சேர்த்து ஒரு பாதுகாப்புப் பராமரிப்புத் திட்டம். இதைக் கர்ப்பத்திலேயே எழுதத் தொடங்கினால் தாய் தன் கையால் எழுதுவாள். டிஸ்சார்ஜ் நாளில் தொடங்கினால் அவளுக்கு எதிராக எழுதப்படும் தாளாகவே அதைப் பார்ப்பாள். தகவல் தெரிவிக்க வேண்டியிருந்தால் முதலில் அவளிடம் சொல்லுங்கள், பிறகு தொலைபேசியை எடுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் வாரக்கணக்கில் சிணுங்கலும் தூக்கமின்மையும் இருக்கும். முன்பே சொல்லாவிட்டால் தன் பால்தான் காரணமென்று அவள் நினைத்துக்கொள்வாள். குழந்தை மருத்துவரை இரண்டு மூன்று நாளுக்குள் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி உள்ள தாயின் குழந்தைக்கு 2 முதல் 6 மாதத்துக்குள் வைரஸ் பரிசோதனை. மாசசூசெட்ஸ் தரவின்படி தாய் ஓபியாய்டை அளவு மீறி எடுத்து உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு மிக அதிகமாக இருப்பது பிரசவத்துக்குப் பின் 7 முதல் 12 மாதம் வரையில். அந்த மாதங்களில் குழந்தையைப் பற்றி விசாரிக்க ஆளிருக்கும், அவளைப் பற்றிக் கேட்க எவரும் இருப்பதில்லை. டயப்பர் பையோடு ஒரு நலாக்சோன் மூக்கு ஸ்பிரேயும் போகட்டும். அதை எப்படி அடிப்பதென்று அவளுக்குக் கற்றுக்கொடுத்துப் பயனில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.