கருக்கலைப்புக்கு யார் கையெழுத்து வேண்டும்?

எங்கள் கடலூர் மாவட்டத்தில் பள்ளிக்கூட மொழிப் பிரச்சினையைப் பற்றிப் பேசத் தெரியாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். 1965 சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது இங்கே சிதம்பரத்தில்தான். 1968இல் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் போட்டதை டீக்கடையிலேயே சொல்லுவார்கள். 2025இல், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காவிட்டால் பள்ளிகளுக்கு நிதி கிடையாது என்று டெல்லியிலிருந்து பேச்சு வந்தபோது, எங்கள் நர்ஸ் அறையில் அன்றைய சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

இருமொழித் தீர்மானத்துக்கு மூன்று வருடம் கழித்து, 1971இல், கருக்கலைப்புச் சட்டம் வந்தது. யாரும் கொடி பிடிக்கவில்லை, பெரிய எதிர்ப்பும் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டைத் தீவிரமாகப் பேசிய காலம், சட்டம் சத்தமில்லாமல் நிறைவேறியது. சண்டை போடாமல் வந்ததால்தானோ என்னவோ, அது இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. கடலூர்ப் பக்கம் மகப்பேறு பிரிவில் வேலை பார்த்து நான் கண்டது இதுதான்.

எல்லா ஸ்கேன் சென்டரிலும் ஒரு போர்டு தொங்குகிறது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம். அது 1994 சட்டம், தேவையான சட்டம். ஆனால் அந்தப் போர்டைப் பார்த்துப் பார்த்தே, கலைப்பதே குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "போலீஸ் கேஸ் ஆயிடுமா சிஸ்டர்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி கையெழுத்து. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கணவர் லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விட்டார். ஒரு தனியார் மருத்துவமனையில், "வீட்டுக்காரரு கையெழுத்து போடாம தொட மாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "போன்ல பேசச் சொல்றேன்னு சொன்னேன், அதுக்கும் ஒத்துக்கல சிஸ்டர்" என்றாள். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையில் முடிந்திருக்கும். அலைந்ததில் அது தாண்டிவிட்டது.

பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். ஃபார்ம் சி என்ற ஒரு பக்கத் தாள், அவ்வளவுதான். கணவர், மாமியார், அப்பா யார் கையெழுத்துக்கும் அதில் இடமில்லை. பதினெட்டுக்குக் கீழே என்றால் காப்பாளர் கையெழுத்து வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு இருபது வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் தந்தால் போதும். சில வகைப் பெண்களுக்கு இருபத்து நான்கு வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நாளைக்குக் கணவர் வீட்டார் ஆட்களோடு வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், வாசலில் நடந்த ரகளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பயம் மருத்துவமனையுடையது, வாரம் ஏறுவது அவள் வயிற்றில்.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று சொன்ன தன் 1973 தீர்ப்பைத் தூக்கி எறிந்தபோது, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் செல்போனில் அதைப் பார்த்துவிட்டு, "இங்கயும் வந்துருமாக்கா?" என்று கேட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 29 அன்று நம் உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாத பெண்ணுக்கும் இருபத்து நான்கு வாரம் வரை அதே உரிமை உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அதைப் பற்றி ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்கவில்லை.

அந்த ஸ்கேன் போர்டுக்குப் பக்கத்தில், "உங்கள் கையெழுத்தே போதும்" என்று தமிழில் இன்னொரு போர்டு வைக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டேன். "வேணாம்மா, கட்சிக்காரங்க பிரச்சினை பண்ணுவாங்க" என்றார்கள். எந்தக் கட்சி சார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.