பூச்சியியல் ரிப்பீட்: இரண்டு பெட்டி கீறித் தப்பிய கதை

நேற்றுப் பெறுபேறு போட்டார்கள். பூச்சியியல் பாஸ். ‘சி’தான்; ரிப்பீட்டுக்கு, அதாவது விழுந்தபின் திரும்ப எழுதும் பரீட்சைக்கு, அதற்கு மேல் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். போன வருடம் என்னை விழுத்தியது ஒரேயொரு கட்டுரை வினா: புழுவுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகளை அதற்குள்ளேயே வளர்க்கும் ஒட்டுண்ணிக் குளவியும் அதன் வைரசும்.

அன்று இரண்டரைப் பக்கம் எழுதினேன். குளவி முட்டையோடு சேர்த்து வைரசையும் புழுவுக்குள் செலுத்துகிறது, வைரசு உள்ளே பெருகுகிறது, புழு நோய்ப்பட்டுச் சாகிறது. நடுவில் இருப்பது பிழை. அதன்மேல் கட்டியதெல்லாம் சரிந்தது. செங்கலடி போர்டிங்கில் விடிய விடிய நடந்த குப்பியில் (மாணவர்களே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு) அப்படித்தான் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். வைரசு என்றால் பெருகத்தானே வேணும்?

புழுவுக்குள் அது பெருகாது. இந்த ஒன்றைப் பிடித்தால் பாதித் தாள் முடிந்தது.

ரிப்பீட்டுக்கு நான் செய்தது இதுதான். தாளில் இரண்டு பெட்டி கீறினேன், ஒன்று குளவி, மற்றது புழு. எந்த வசனம் எழுதினாலும் அது எந்தப் பெட்டிக்குள் நடக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

குளவிப் பெட்டி: வைரசின் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) குளவியின் நிறமூர்த்தங்களிலேயே (குரோமோசோம்களிலேயே) பதிந்திருக்கின்றன, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தானாகப் போகின்றன. வைரசுத் துணிக்கைகள் உருவாவது பெண் குளவியின் சூலகத்தில், முட்டைகள் வெளியேறும் வழியிலுள்ள கலிக்ஸ் பகுதியில் மட்டும்.

புழுப் பெட்டி: துணிக்கை புழுவின் கலத்துக்குள் (செல்லுக்குள்) நுழையும், பரம்பரையலகு வெளிப்படும், புரதம் உண்டாகும். குளவி முட்டையைச் சுற்றி உறை கட்டிக் கொல்ல வரும் புழுவின் குருதிக் கலங்கள் செயலிழக்கும். கூட்டுப்புழுவாகும் வேலையும் தடைப்படும். அவ்வளவுதான். துணிக்கையை மறுபடி கட்டத் தேவையான பரம்பரையலகுகள் உள்ளே பொதியப்படவே இல்லை, அவை குளவியிடம் தங்கிவிட்டன. பெருகாததற்குக் காரணம் அதுதான். இதை எழுதாமல் விடாதீர்கள்.

சான்றாக 1981 பரிசோதனை ஒன்று போதும். ‘சயன்ஸ்’ இதழில் எட்சன், வின்சன், ஸ்டோல்ட்ஸ், சம்மர்ஸ் நால்வரும் எழுதியது. வைரசு இருக்கும் கலிக்ஸ் திரவத்தைக் கழுவிவிட்டு முட்டையை மட்டும் புழுவுக்குள் வைத்தால் உறை கட்டப்பட்டு முட்டை செத்துப்போகும். வைரசையும் சேர்த்து வைத்தால் பிழைக்கும். நான்கு வரி, படத்தோடு.

மனப்பாடம் எனக்குச் சரிவராது. கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். விடுமுறைக்கு வெல்லாவெளிக்குப் போனபோது மாமா வயலிலிருந்து ஒரு நெல் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தார். “இஞ்ச பாரு புள்ள, புழு முட்ட போட்டிருக்கு.” புழுவின் பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு குவியல். புழு முட்டை போடாது மாமா, முட்டை போடுவது அந்துப்பூச்சி, இது குளவியின் கூடுகள் என்றேன். யோகட் கப்பில் போட்டுத் துணி கட்டி வைத்தோம். புழு தின்னவில்லை, தொட்டால் நெளிந்தது, மூன்றாம் நாள் செத்தது. வார முடிவில் பஞ்சுக்குள்ளிருந்து எறும்பை விடச் சின்னதாய்க் கறுப்புக் குளவிகள். மாமா கப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “உது நல்ல சாமான்” என்று வயலிலேயே திறந்துவிட்டார். பரீட்சையில் அந்தக் கப்தான் கண்முன் நின்றது.

மற்றவை, வேகமாக:

– இந்தக் குளவி வைரசுகளின் இரு பிரிவுகளான பிரக்கோவைரசும் இக்னோவைரசும் ஒரே வம்சமல்ல. முதலாவது நூடிவைரசு என்ற பூச்சி வைரசு வகையிலிருந்து, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது.
– புழுவைக் குத்தி அசையாமல் செய்துவிட்டு முட்டையிடும் குளவிகளை இதற்குள் இழுக்க வேண்டாம். தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு விடும் அந்த வகைக் குளவிகளை உதாரணமாக எழுதி மாட்டியவர்கள் எங்கள் பட்ச்சில் இருக்கிறார்கள்.
– பொறிவண்டைத் தன் கூட்டுக்குக் காவல் நிற்க வைக்கும் குளவியின் வைரசு வேறு கதை. அது ஆர்.என்.ஏ. வைரசு, வண்டின் நரம்புத் தொகுதிக்குள் பெருகுகிறது. அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. இங்கே ‘பெருகுகிறது’ என்பது இரண்டாம் பெட்டிக்குள்ளும் (இங்கே அது வண்டு) வரும், கவனம்.
– கலர் பென்சில் இரண்டு கொண்டுபோங்கள். நேரம் அதிகம் எடுக்காது.

கடைசிப் பகுதியில், “இது வைரசா, குளவியின் ஓர் உறுப்பா?” என்று கேட்டிருந்தார்கள். இரண்டும்தான் என்று மழுப்பியவர்கள் பலர். நான் உறுப்பு என்று எழுதினேன். புகுந்த புழுவுக்குள் பெருக முடியாததை வைரசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை புள்ளி போட்டார்களோ தெரியாது, விடைத்தாளைக் காட்ட மாட்டார்களே.