ஊசிக்கோபுரத்துக்கு இடப்பக்கம்

ஜூன் 3
சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கொட்டகை. அதன் பழைய புகைப்படம் எப்போது எடுத்தது, கொட்டகை எப்போது கட்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும். படத்தின் பெரிய ஸ்கேன் இன்னும் வரவில்லை.

ஜூன் 4
கையில் இருக்கிற சின்ன ஜேபெக்கை வைத்தே மறுபடி ஆரம்பம். கோட்டையின் தெற்கு மதில் மேல் நின்று வடக்கே பார்த்து எடுத்த படம். முன்னால் கொட்டகை. நடுவில் செயின்ட் மேரி தேவாலயத்தின் ஊசிக்கோபுரம். தூரத்தில், வலப்பக்கம், ஜிபிஓவின் (தலைமை அஞ்சலகம்) கூரை முகடுகள். ஜிபிஓ திறந்தது 1884. கூரை அதற்கு முன்பே எழுந்திருக்கும், ஆகவே ஒன்றிரண்டு வருடம் தளர்த்திக் கீழ் எல்லையை 1882 என்று வைத்துக்கொள்ளலாம். ஹைகோர்ட்டின் சிவப்புக் குவிமாடங்கள் எங்கும் இல்லை. அடிக்கல் 1888, திறப்பு 1892. அதனால் மேல் எல்லை 1892க்குள்.

பத்து வருட இடைவெளி. ஒரு படத்துக்கு இது மோசமில்லை.

ஆனால் ஊசிக்கோபுரத்துக்கு இடப்பக்கம், அடிவானத்துக்குச் சற்று மேலே, நகக்கண் அளவில் ஒரு கறை. மூங்கில் சாரம் மாதிரியும் தெரிகிறது, நெகட்டிவ் கண்ணாடித் தகட்டில் மருந்து தேங்கின மாதிரியும் தெரிகிறது. ஹைகோர்ட் கட்டுவதற்குப் போட்ட சாரம் என்றால் படம் 1888க்குப் பின். கறை என்றால் ஒன்றும் இல்லை.

ஜூன் 6
கொட்டகை 1780களில் கட்டியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் ஆதாரம் ஒரே பொறியாளர் வரைபடம்தான். இன்று அதன் வண்ணப் பிரதியைத் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் காலத்து ராணுவ வரைபடங்களில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. இருக்கிற செங்கல் கட்டுமானத்துக்குச் சிவப்பு. கட்டப்போவதாக யோசனை சொல்கிற வேலைக்கு மஞ்சள். தேவாலயம் சிவப்பு, மதில் சிவப்பு, கொட்டகை மஞ்சள். வெளிறிப்போன மஞ்சள் என்பதால் பழைய காகிதத்தின் பழுப்போடு கலந்து, நிறமே பூசாத இடம் மாதிரி இருக்கிறது. கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நிறத்தை ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்: உள்ளே ஒரே சீராக இருக்கிறது, ஓரத்தில் தூரிகை நின்ற இடம் கொஞ்சம் அடர்த்தி. காகிதம் தானாகப் பழுத்தால் இப்படிக் கோட்டோடு நிற்காது.

கறுப்பு வெள்ளை நகலை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கவே முடியாது. வரைபடத்தில் இருக்கிறது, ஆகவே தரையில் இருந்தது என்று எழுதிவிட்டார். அதை அடுத்தவர் எடுத்தார். நூறு ஆண்டுப் பிழை ஒரு வெளிறிய மஞ்சளில் தொடங்கியிருக்கிறது. வண்ணப் பிரதி கிடைக்கும்வரை எந்தக் கோட்டை வரைபடத்தையும் வைத்துத் தேதி சொல்லக் கூடாது.

ஜூன் 7
வரவில்லை.

ஜூன் 9
வரைபடத்தில் இருப்பதே கட்டியதற்குச் சான்று ஆகாது என்றால், இல்லாதது அதைவிட பலவீனம். ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிய வரைபடத் தாளில் (1:63,360) 0.2 மில்லிமீட்டர் கோடு தரையில் கிட்டத்தட்ட 12.7 மீட்டர். 8 மீட்டர் அகலக் கொட்டகையை அதில் அளவோடு வரைய இடமே இல்லை. வரைந்திருந்தால் அது வெறும் அடையாளம். வரையாவிட்டால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

அப்புறம் தாளின் ஓரத்து எழுத்து. அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, மறு அச்சு ஆண்டு, திருத்தம் செய்த ஆண்டு, நான்கும் வேறு வேறு. திருத்தம் என்றால் பெரும்பாலும் ரயில் பாதையும் சாலையும்தான், கட்டடத்தை யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். புது ரயில் பாதை ஒன்று தாளில் இருப்பதைப் பார்த்து, மற்றதெல்லாம் அதே வருடத்து நிலவரம் என்று நினைப்பது வழக்கமான சறுக்கல். ஓரம் வெட்டப்பட்ட ஸ்கேனை வாங்கவே கூடாது. தேதி ஓரத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 10
க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய வரைபடத்தை இன்றைய தரையோடு பொருத்தும் வேலை. முதல் முயற்சி முழுக்க வீண். மேற்குக் கொத்தளத்தின் முனையைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக, அதாவது தாளிலும் தரையிலும் ஒன்றே என்று கொள்கிற இடமாக, பிடித்ததுதான் தப்பு. 1750களுக்கு முந்தைய கோட்டை வேறு. ஆற்றை மேற்கே தள்ளி, இடத்தை மேடாக்கி, அரைப் பத்துகோண வடிவில் அது முடிந்தது 1780களில்தான். பழைய கொத்தளமும் இன்றைய கொத்தளமும் ஒன்றல்ல. இல்லாத புள்ளியோடு இழுத்துக் கட்டினால் மொத்தத் தாளும் கோணிக்கொள்ளும்.

அசையாதது தேவாலயம்தான். 1680ல் திறந்தது, அதே இடத்தில் நிற்கிறது. ஊசிக்கோபுரம் பிற்காலத்தது, அதன் உச்சியைப் பிடிக்காமல் கட்டடத்தின் நான்கு மூலைகளையும் பிடிக்க வேண்டும். 1755ல் கொன்ராடி என்பவர் வரைந்த கோட்டை வரைபடத்திலும் தேவாலயம் இருக்கிறது, ஆகவே இரண்டு காலத்தையும் இணைக்கிற ஆணி அது. மூன்று புள்ளி இருந்தாலே நேர்கோட்டுப் பொருத்தம் நடந்துவிடும், ஆனால் பிழை எங்கே என்று தெரியாது. எட்டுப் பத்துப் புள்ளி வேண்டும், தாள் முழுக்கப் பரவலாக. தாளை ரப்பர் மாதிரி இழுத்து ஒவ்வொரு புள்ளியிலும் ஒட்டவைக்கிற தின் பிளேட் ஸ்ப்லைன் முறையை இதற்குத் தொடக் கூடாது. அது எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும். தப்பான புள்ளியையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும்.

கேமரா நின்ற இடம், ஊசிக்கோபுரம், கறை, மூன்றையும் கோடு போட்டேன். கோடு ஹைகோர்ட் வளாகத்தின் மேல்தான் விழுகிறது.

ஜூன் 11
வளாகம் அகலமானது. அந்தக் கோடு ஒன்றையும் நிரூபிக்காது.

ஜூன் 14
படம் பதிந்த ஆல்பத்தில் பென்சிலில் 'மே 1887' என்று இருக்கிறதாம். அது சரி என்றால் கறை சாரமில்லை, விஷயம் முடிந்தது. முடியவில்லை.

இன்று 12.09க்கு, சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம், ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டால் நிழல் 18 சென்டிமீட்டர், விழுவது தெற்கே. சென்னை இருப்பது வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் 25 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்குவரை சூரியன் நமக்கு வடக்கே. அந்தக் காலம் முழுக்க, நேர் தெற்கு பார்த்த சுவரில் காலையிலும் வெயில் படாது, மாலையிலும் படாது.

படத்தில் கொட்டகையின் தெற்குச் சுவர் வெயிலில் பளீரென்று இருக்கிறது. கூரை இறவாணத்தின் நிழல் சுவரில் கூர்மையாக இறங்கியிருக்கிறது.

அது மே மாதம் இல்லை.

ஜூன் 15
ஆட்சேபம் எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது. சுவர் நேர் தெற்கா? திசைகாட்டியில் 4 டிகிரி கிழக்குச் சாய்வு. வடக்கைப் பூஜ்யம், கிழக்கை 90 என்று எண்ணினால், மே நடுவில் காலைச் சூரியன் 76 டிகிரி திசையைத் தாண்டித் தெற்கே வராது, அந்தச் சுவர் வெயில் காண 86 வேண்டும். 4 டிகிரி போதாது.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்குமா? கண்ணாடி நெகட்டிவ்வைப் புரட்டி வைத்து அச்சிட்டிருந்தால் ஆகும். வடக்கே பார்க்கிற படத்தில் கடல் வலப்பக்கம் இருக்க வேண்டும், இருக்கிறது. ஜிபிஓவும் கடல் பக்கமே. மாறவில்லை.

இறவாணம் இன்று 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. நிழலின் இறக்கம் சுமார் 1.2 மீட்டர். நண்பகல் என்றால் சூரியன் 63 டிகிரி உயரத்தில்: பிப்ரவரி நடு, அல்லது அக்டோபர் கடைசி. இறவாணம் அன்றும் இதே நீளம்தான் என்றால் மட்டும். கூரை மாறியிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. தெற்குச் சுவர் வாதம் அப்போதும் நிற்கும், அதற்கு இறவாணம் தேவையில்லை.

ஆக 'மே 1887' என்பது படம் எடுத்த நாள் இல்லை. ஒட்டிய நாள், வாங்கிய நாள், பரிசாகக் கொடுத்த நாள், எதுவோ. மாதம் பொய்த்தால் வருடமும் பொய் என்று ஆகாது. உடனே எழுதியிருந்தால் அது மேல் எல்லை. வயதான பின் நினைவிலிருந்து எழுதியிருந்தால் அதுவும் இல்லை.

ஜூன் 16
கறை.

ஜூன் 19
ஸ்கேன் வந்தது! டிஃப், 1200 டிபிஐ. ஓரத்தோடு.

முதலில் கூரை. நாட்டு ஓடு இல்லை, மங்களூர் ஓடு. நாட்டு ஓடு என்றால் அரைக்குழாய்கள் அலை அலையாக, ஒழுங்கில்லாமல் கிடக்கும். இங்கே குறுக்குக் கோடுகள் அளவெடுத்த மாதிரி. சரிவில் எண்ணினால் 16 வரிசை. ஒரு வரிசை வெளியே தெரிவது ஏறக்குறைய 32 சென்டிமீட்டர், ஆக சரிவு 5.1 மீட்டர். இன்று நாடாவில் அளந்ததும் அதே, ஆகவே கூரைச் சட்டம் மாறவில்லை, இறவாணக் கணக்கும் கொஞ்சம் பலப்படுகிறது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865. இந்தக் கூரை அதற்கு முன் இருக்க வழியில்லை.

விழுந்து கிடக்கிற ஓட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு: அடியில் 1865 என்று பொறித்திருந்தால் அது தொழிற்சாலை பிறந்த ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு இல்லை. தொழிற்சாலை பின்னால் கைமாறிப்போன காமன்வெல்த் கம்பெனியின் பெயர் இருந்தால் முதல் உலகப்போருக்குப் பிந்திய ஓடு. ஓடு உடையும், மாற்றுவார்கள். அதை வைத்துக் கூரைக்குக்கூட முழுசாகத் தேதி சொல்ல முடியாது, சுவருக்கு எப்படிச் சொல்வது.

ஜூன் 20
முழு அளவில் கறையைப் பார்த்தாயிற்று. குறுக்கும் நெடுக்கும் கோடு மாதிரி இருக்கிறது. ஆனால் அதன் கீழ் ஓரம் ஒரு மரத்தின் தலைக்கு முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்பது தெரியவில்லை. பின்னால் மறைந்தால் அது தூரத்தில் நிற்கிற பொருள். மரத்தின் மேல் ஏறி வந்தால் தகட்டுக் கோளாறு. இலை ஆடியிருக்கிறது, அதனால் அந்த ஓரம் மட்டும் பஞ்சு மாதிரி.

செய்யவேண்டியது ஒன்றுதான். அதே நெகட்டிவ்விலிருந்து எடுத்த இன்னொரு பிரதி வேண்டும். ஒரு பிரதியில் மட்டும் கறை இருந்தால் அது ஆல்புமன் தாளின் (முட்டை வெள்ளைக்கரு பூசிய அச்சுத் தாள்) கறை. இரண்டிலும் இருந்தால் நெகட்டிவ்விலோ, எதிரே நின்ற கட்டடத்திலோ. இன்னொரு பிரதி வேறொரு ஆல்பத்தில் இருக்கிறது. எழுதிக் கேட்டாயிற்று.

ஜூன் 23
பதில் இல்லை. கொட்டகைக்கு இப்போதைக்கு எழுதக்கூடியது: 1780களின் வரைபடத்தில் யோசனை மட்டும், படத்தில் கட்டடம், கூரை 1865க்குப் பின். நடுவில் சுவரின் வயது திறந்தே கிடக்கிறது. அதை நிரப்பி எழுதமாட்டேன்.

ஜூன் 27
இரண்டாவது பிரதியின் ஸ்கேன் வந்தது. அதிலும் இருக்கிறது. அதே உயரம், அதே குறுக்குக் கோடு. மரத்தலை இதில் கொஞ்சம் தெளிவு